தராசுக்காரியின் வலது கண்

என் ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர் நான்கு பக்கம் பாராட்டி எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். "நான்காம் இயலில் விரிவாகப் பேசப்படும் சிலை எந்தத் திசை நோக்கி நிற்கிறது? வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் தெளிவுபடுத்தலாம்."

ஒரு சொல்லில் முடிகிற பதில். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அந்தச் சிலையை நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை தேர்வு. வியாழக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் குன்னூர்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். மெரூன் ரெக்ஸின் அட்டை போட்ட ஆய்வேடு மடியில் இருந்தது. அதன் முதுகில் தங்க எழுத்தில் என் பெயர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மொபெட்டில் உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு கரூரைச் சுற்றி அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர். அம்மா இப்போதும் கைநாட்டு. என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டு தம்பி ஏற்கெனவே ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சொல்லிவிட்டான். தெருமுனையில் எந்தக் கம்பத்தில் கட்டுவது என்பதில் அவனுக்கும் அப்பாவுக்கும் ஒரு வாரமாகச் சண்டை.

பார்க்காமல் எப்படி எழுதினேன் என்று கேட்கலாம். மூன்று வருடங்களுக்கு முன்பு பார்க்கத்தான் கிளம்பினேன். மண் சரிந்ததால் மலைப்பாதையை மூடியிருந்தார்கள், பாதி வழியில் திரும்பினேன். அப்புறம் தோழியின் அண்ணன் குன்னூருக்குச் சுற்றுலா போனபோது எனக்காகப் பன்னிரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் படங்களை வைத்து நான் எழுதிய இயலைத்தான் என் நெறியாளர் மற்ற எல்லாவற்றையும்விட மெச்சினார். ஒரு கருத்தரங்கில் பரிசும் கிடைத்தது. பரிசு வாங்கிய பிறகு போய்ப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. படங்களுக்குக் கீழே 'களஆய்வின்போது எடுத்தது' என்று நானே தட்டச்சு செய்திருந்தேன்.

சிற்பியின் பெயர் நல்லமுத்து. கடற்கரையோரச் சிற்பப் பட்டறை ஒன்றில் கோயில் வேலை கற்றவர். வயிற்றுப்பாட்டுக்கு மலையேறி, குன்னூரில் கல்லறைக் கற்களுக்கு எழுத்து வெட்டினார். பிறகு பங்களாக்களுக்கு வாசல் தூண், பிறகு ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கருங்கல் சிலை. அதற்கப்புறம் சமவெளியில் தலைவர்கள் சிலை, கடைசிக் காலத்தில் மசினகுடி ரிசார்ட் ஒன்றுக்கு யானைகள். சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். யாரும் எழுதாத ஆளை எழுதினோம் என்ற பெருமை எனக்கு உண்டு.

நான்காம் இயலின் வாதம் இதுதான். கோயில் சிற்ப மரபில் கண் திறப்பதுதான் கடைசி வேலை. நல்லமுத்துவின் எல்லாச் சிலைகளுக்கும் கண் திறந்திருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு மட்டும் இல்லை. வழவழப்பான இமை மேடு, அதற்குள் கண்மணிக் கோடு கிடையாது. தன் உழைப்பு எங்கே போகிறது என்று காண முடியாதவளாக அவளைக் காட்டவே சிற்பி கண் திறக்க மறுத்தார் என்று எழுதினேன். அவளுக்குக் 'கண் திறவாதவள்' என்று பெயரும் வைத்தேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு படகர் இனத்து அம்மா, வெள்ளை முண்டு போர்த்தியிருந்தார். பின்னாலிருந்த உறவுக்காரப் பெண்ணிடம் தன் மொழியில் ஏதோ சொல்ல, இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. பொஸ்தகத்தக் கட்டிப் புடிச்சிருக்கற மாதிரியப் பாத்தா இந்தப் புள்ள வாந்தி எடுக்கும், எடுத்தாலும் பொஸ்தகத்து மேல எடுக்காதுன்னேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். பர்லியாறு தாண்டியதும் சாலையில் மரம் விழுந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம். எல்லோரும் இறங்கிப் பலாச்சுளை வாங்கித் தின்றார்கள். குரங்குகள் கொட்டையை வாங்கிக்கொண்டன. திரும்பிப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று மனசுக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. மரத்தை அறுத்து அகற்றிவிட்டார்கள்.

குன்னூரில் இறங்கியபோது மதியம் தாண்டியிருந்தது. கரூரில் வெயில் ஆளை அடிக்கும். இங்கே குளிர் சத்தமில்லாமல் சட்டைக்குள் வந்து உட்கார்ந்தது. பேக்கரியில் வர்க்கியும் டீயும் சாப்பிட்டேன். வர்க்கி உதிர்ந்து ஆய்வேட்டின் மேல் விழ, கடைக்காரர் துணி எடுத்துத் துடைத்துவிட்டு, "வக்கீலுங்களா?" என்றார். ஆராய்ச்சி என்றேன். அப்படியென்றால் டீக்கு மட்டும் காசு போதும் என்று வர்க்கிக்கு வாங்கவில்லை.

பொழுது இருந்ததால் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நல்லமுத்து வெட்டிய கற்கள் ஓரமாக ஒரு வரிசையில் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தாளைப் பார்த்து எழுத்தை ஓவியமாகவே வெட்டியிருக்கிறார். ஒன்றில்கூடப் பிசகு இல்லை. ஒரு குழந்தையின் கல்லறையில் உள்ளங்கை அளவு தேவதை ஒன்று செதுக்கியிருந்தது. பாசி பிடித்திருந்ததால் குனிந்து பார்த்தேன். அரிசி அளவு கண். அதற்குள் ஊசி முனையால் வைத்தது போல ஒரு புள்ளி.

உள்ளங்கை அளவு தேவதைக்கும் கண் திறந்தவர், ஆள் உயரப் பெண்ணுக்குத் திறக்காமல் விட்டாரா? என் இயல் சொல்வது அதைத்தான். அங்கே நிற்கும்போது அந்த வாதம் முதல்முறையாக எனக்கே தொண்டையில் மாட்டியது. அன்று இரவு விடுதி அறையில் கம்பளி போதாமல் கால் இரண்டும் ஐஸாக, அந்தப் பன்னிரண்டு படங்களையும் ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் சிலையின் வெள்ளி நிறம் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எஸ்டேட் பேருந்து. எங்கே போக வேண்டும் என்று நடத்துநர் கேட்டார். சிலை ஸ்டாப் என்றேன்.

"தராசுக்காரிங்களா?"

இல்லை, கொழுந்து பறிக்கும் பெண் சிலை என்று திருத்தினேன். ஐந்து வருடம் படித்தவள் நான், அவர் டிக்கெட் கிழிப்பவர் என்ற நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

"கூடை மாட்டிட்டு நிக்குமே, அதுங்களா?"

ஆமாம் என்றேன். அப்படியென்றால் ஃபேக்டரி ஸ்டாப் என்று சொல்லி டிக்கெட் கொடுத்தார். வழியில் வெள்ளிநிறமாக ஏதோ ஒன்று மூடுபனிக்குள் கடந்து போனது. அதைப் பார்க்காமல் நான் கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

இறங்கிய இடத்தில் டூரிஸ்டுகளுக்கான டீ ஃபேக்டரி. வாசலில் ஃபைபரில் ஒரு பெண், உதட்டுச் சாயம் பூசி, கூடையை முதுகில் மாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பம் அவள் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து வருட ஆராய்ச்சி இந்த ஃபைபர் பெண்ணைப் பற்றியா என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. தட்டிப் பார்த்தேன். டொக்கு டொக்கு என்றது.

வாட்ச்மேனிடம் கேட்டேன். "கல்லுல இருக்கறதுங்களா? அது கீழ் டிவிஷன் தராசுக்காரிங்க. நீங்க வந்த பஸ்சே அங்க நின்னுட்டுத்தான் வந்துச்சு" என்றார். தேயிலைக்குள் குறுக்கே இறங்கினால் ஒன்றரைக் கிலோமீட்டர், வழியில் மாடு நின்றால் ஓடாமல் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். மாட்டுக்கு யார் ஓடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில், இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, கருப்பாக ஒரு வீடு மாதிரி நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட காட்டெருமை. அது என்னைப் பார்த்து மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஆய்வேட்டை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதற்கு அலுத்துவிட்டது. செடிகளை ஒதுக்கிக்கொண்டு கீழே போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தேன்.

மூன்று சாலைகள் சேரும் இடத்தில் அவள் நின்றாள்.

படங்களில் இருந்தது போலவே உடம்பெல்லாம் வெள்ளி எனாமல் பெயின்ட். நெற்றியில் கூடைக் கயிறு. இரண்டு கைகளும் செடியின் மேல். முகம் சற்றுக் குனிந்திருக்க, இமைகள் வழவழவென்று மூடியிருந்தன. ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தேன். கிழக்கு. படம் எடுத்தேன். இந்தப் படத்துக்குக் கீழே 'களஆய்வின்போது எடுத்தது' என்று போட்டால் பொய் இல்லை. வந்த வேலை முடிந்தது. அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடம். நிழற்குடையில் உட்கார்ந்து இரண்டு நாளில் முதல் முறையாக முதுகைச் சாய்த்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேர், இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டு, நிழற்குடைக்குள் ஓடி வந்தார்கள். பெரியவர் சரசு, ஐம்பது வயதிருக்கும். இன்னொருவர் தேவகி, அவரைவிட இளையவர், வாய் நீளம். சரசு தூக்குப்போசியிலிருந்து பால் ஊற்றாத தேநீரை மூடியில் ஊற்றி நீட்டினார்.

"தேத்தண்ணி குடிங்க அம்மிணி. எங்கய்யா, அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க, எங்களுக்கு இதுதான். எந்த ஊருங்க?"

கரூர் என்றேன். எதற்கு வந்தேன் என்று கேட்டார்கள். சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. ஆய்வேட்டைத் திறந்து சிலையின் படத்தைக் காட்டினேன். தராசுக்காரி புத்தகத்தில் வந்துவிட்டாள் என்று தேவகி கூவினார். என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்று சரசு கேட்டார். கருத்தரங்கில் கைதட்டல் வாங்கிய அந்தப் பத்தியை அதே குரலில் படித்தேன். கண் திறவாதவள். தன் உழைப்பு போகுமிடம் காணாதவள். சிற்பி கண் திறக்க மறுத்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தேவகி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அக்கா, கண்ண மூடுனது நீதான். அம்மிணி பரிச்சையில பெயிலானா உன்னத்தான் வந்து புடிப்பாங்க."

சரசு சிரிக்கவில்லை. நிதானமாக எனக்கு விளக்கினார். சித்திரையில் எஸ்டேட் மாரியம்மனுக்குத் திருவிழா. கோயில் கதவுக்கும் கம்பிக்கும் பெயின்ட் அடித்து மீந்ததைக் கொண்டுவந்து இவளுக்கும் அடிப்பார்கள். வருடம் தவறாமல் அடிப்பது சரசுதான். விசேஷத்துக்கு இவள் மட்டும் பழசோடு நிற்கலாமா? இருபது, இருபத்தைந்து திருவிழா ஆகியிருக்கும். ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் மஞ்சள், மற்றபடி வெள்ளி.

மழையிலேயே எழுந்து போய் பீடத்தில் ஏறினேன். இமையில் விரலை வைத்தேன். அப்பா கொத்திய அம்மியில் விரல் ஓட்டிப் பார்த்து வளர்ந்த கை இது. மசாலா அடைந்துபோன அம்மி மேலே வழவழப்பாக இருக்கும், அடியில் கொத்துக் குழிகள் அப்படியே கிடக்கும். தொட்டால் கல்லின் குளிர்ச்சி அதில் இருக்காது. இந்த இமையிலும் கல்லின் குளிர்ச்சி இல்லை. நகத்தை அழுத்தினேன், மெத்தென்று பதிந்தது. ஒரே ஒரு முறை வந்து தொட்டிருந்தால் அந்த இயலை நான் எழுதியிருக்க மாட்டேன்.

"சொரண்டிப் பாக்கலாங்களா?" என்று சரசு கீழேயிருந்து கேட்டார். தேவகியின் வீடு பக்கத்துத் தொழிலாளர் லைனில்தான் இருந்தது. தின்னரும் பிளேடும் மீந்து கிடக்கிறதாம்.

வேண்டாங்க, பரவாயில்லை என்றேன். சட்டென்று வாயில் வந்தது அதுதான். சுரண்டாவிட்டால் என் இயல் அப்படியே நிற்கும். பேருந்து வந்துவிடும். திங்கட்கிழமை 'கிழக்கு' என்று சொல்லலாம். கம்பத்தில் பேனர் ஏறும்.

சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மழைக்கு மேல் குரல் உயர்த்தாமல் கேட்டார்.

"அப்ப நாங்க பாக்காதவங்கன்னே பொஸ்தகத்துல இருக்கட்டுங்களா?"

பேருந்து வந்து நின்றது. நடத்துநர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "தராசுக்காரி கெடச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு விசில் கொடுத்தார். நான் ஏறவில்லை.

மழை விட்டதும் தேவகி தின்னரும் பிளேடும் கொண்டுவந்து சரசுவிடம் கொடுத்தார். நான் பிளேடை வாங்கப் போனேன். சரசு கொடுக்கவில்லை. "எறங்குங்க அம்மிணி, அடிச்சவதான் எடுக்கோணும்" என்று பூட்ஸ் காலோடு பீடத்தில் ஏறி, துணியைத் தின்னரில் நனைத்து வலது கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியே நின்றுகொண்டு கதை சொன்னார். சிலை செய்யும்போது சரசு புதிதாக வேலைக்கு வந்த பெண். சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண் வேண்டும் என்றுதான் கம்பெனி கேட்டிருந்தது. நல்லமுத்து தினமும் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு வந்து ஓரமாக நிற்பார். எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் கழுத்தைப் பார்க்கிறேன் என்பார். நிறுக்கும் கொட்டகை அப்போது இங்கேயே, சிலைக்கு வலது பக்கம் இருந்தது. இப்போது சிமென்ட் திண்டு மட்டும் மிச்சம், அதன் மேல் ஒரு பிக்கப் வண்டி நின்றது.

"கை செடியில இருக்கும், மூஞ்சி மேஸ்திரிக்கு நேரா இருக்கும். எடையில கொறச்சிருவாங்கன்னு கண்ணு மட்டும் தராசு முள்ளுல இருக்கும். தலையைத் திருப்புனா அவருக்குத் தெரிஞ்சுருமல்லங்க."

வெள்ளி உரிந்தது. அடியில் மஞ்சள், அதன் அடியில் மறுபடி வெள்ளி, பிறகு பச்சை. தேவகி ஒவ்வொரு நிறத்துக்கும் அது எந்தத் திருவிழா, அன்று யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கறுத்த கல் வந்தது. சரசு தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்துக் கோட்டை வழித்தார். மேல் இமைக் கோடு. கீழ் இமைக் கோடு. நடுவில் கண்மணி இல்லை. என் இயல் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் ஊசி வலது ஓரத்துக்குப் போனது. அங்கே, இமையின் கடைசி மூலையில் ஒதுங்கி, முழு வட்டமாக இருந்தது கண்மணி. நடுவில் அந்தக் கல்லறைத் தேவதையினுடையதைப் போலவே ஒரு புள்ளி.

முன்னால் நின்று பார்த்தால் குனிந்த பெண். காரில் வந்து போகிறவர்களுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். திறப்பு விழா அன்று எஸ்டேட் துரை முன்னால் நின்று கைதட்டினாராம். கொட்டகைப் பக்கம் நின்ற பெண்கள் எல்லாம் தேவகி இப்போது செய்தது போலத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்களாம். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் சிமென்ட் திண்டில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து வருடம் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் எடை போடுகிற மாதிரி இருந்தது.

இடது கண்ணையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மேஸ்திரி வந்துவிடுவார், கூடை பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று சரசு இறங்கிவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மறு கண்ணு சித்திரைக்கு எடுக்கறேன். வந்து பாத்துட்டு எழுதுங்க."

சனிக்கிழமை காலை கீழே இறங்கும் பேருந்தில் ஏறும்முன் குன்னூர் நிலையத்தில் நின்று நெறியாளருக்கு ஃபோன் செய்தேன். சமவெளிக்குப் போய்விட்டால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், படங்களின் கீழே எழுதிய பொய்யையும் சேர்த்து. அவர் கெட்டவர் இல்லை. என் ஊக்கத்தொகை நின்றபோது தன் வீட்டில் ஒரு மாதம் தங்க வைத்தவர். திருத்தி எழுதினால் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும், குறைந்தது ஒரு வருடம் என்றார். தேர்வாளர் கேட்டது திசையை மட்டும்தான் என்று ஞாபகப்படுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இது யாருக்கும் தெரியாது, இல்லையாம்மா?"

"இங்க எல்லாருக்கும் தெரியும் மேடம்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. திங்கட்கிழமை தேர்வை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொண்டுவா என்றார். தம்பிக்கு ஃபோன் செய்தேன். பேனர் அச்சாகிவிட்டதாம், இரவே வந்துவிட்டதாம். சுருட்டிப் பரணில் போடு என்றேன். ஏன் என்று கேட்டான். நேரில் சொல்கிறேன் என்றேன். எலுமிச்சம்பழம் இன்னும் பையில் இருந்தது, எடுத்து முகர்ந்துகொண்டேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து சாய்ந்து சாய்ந்து இறங்கியது. தேர்வாளரின் அறிக்கையை எடுத்து, அவர் கேள்விக்குக் கீழேயிருந்த வெற்றிடத்தில், எழுத்து ஆட ஆட எழுதினேன்.

'சிலையின் முகம் கிழக்கு நோக்கியது. வலது கண் தெற்கே, தராசு இருந்த இடத்தைப் பார்க்கிறது. இடது கண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை.'